கண்டதை எழுது

பவளவிழாக் காணும் எம் கல்லூரி அன்னையின் மலருக்கு ஒரு கட்டுரை வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியன் ஆதலின் சங்கப் பாடல் ஒன்றையோ புராணப் படலம் ஒன்றையோ எடுத்து விரிப்போம் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எழுதத் தொடங்கி, இரண்டு நாளில் மூன்று தாள்களைக் கிழித்தெறிந்தோம். எழுத அமர்ந்தபோதெல்லாம் எம் மனக்கண் முன் வந்து நின்றது ஒரு மீன் லொறி. அதனை விலக்கிவிட்டு வேறொன்றை எழுத எம்மால் இயலவில்லை. ஆகவே, குளிரேற்றி பூட்டிய ஒரு லொறியைப் பற்றியும், அது புறப்படுமுன் அதனைப் பரிசோதிக்கும் முறையைப் பற்றியும், அம்முறையால் யாம் பெற்ற பாடத்தைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிந்தோம். பழைய மாணவர்களும் உடனாசிரியர்களும் பொறுமையுடன் வாசிப்பார்களாக.

2023 ஆம் ஆண்டின் முற்பாதியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட புகையிரதப் பாதை திருத்தப்பட்டது. அதனால் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு நேர் வண்டி ஓடவில்லை என்பதை அன்பர்கள் மறந்திரார். அக்காலத்தில் வெள்ளவத்தையில் நிகழ்ந்த உறவினர் திருமணம் ஒன்றுக்கு யாம் செல்ல வேண்டியிருந்தது. இரவுப் பேருந்துகளில் ஆசனம் இல்லை. சந்தியிற் கைப்பையுடன் கவலையோடு நின்ற எம்மைக் கண்டு, வெண்ணிற லொறி ஒன்றை நிறுத்திவிட்டு ஓர் இளைஞன் இறங்கி வந்தான்.

"சேர், என்னைத் தெரியுதோ? 2011 ஆம் ஆண்டு, பதினோராந் தரம். கடைசி வாங்கு."

தெரிந்தது. வகுப்பில் நித்திரை கொள்பவன். அதற்காக எம்மிடம் பலமுறை ஏச்சு வாங்கியவன். சாதாரண தரப் பரீட்சையிற் கணிதத்திற் தவறி, மறு ஆண்டு கல்லூரிப் பக்கம் வராதவன். எம் நினைவில் அவன் இருந்த இடம் அவ்வளவே. அவனோ எம் கைப்பையை வாங்கிக்கொண்டு, "நான் இண்டைக்கு இரவு பேலியகொடைக்கு மீன் ஏத்திறன். வாங்கோ சேர், விடியக் கொழும்பிலை இறக்கி விடுறன்" என்றான். மீன் லொறியில் மணவீடு செல்வதா என்று ஒரு கணம் தயங்கினோம். வேறு வழி இல்லாமையால் ஏறினோம்.

மாலை ஐந்து மணிக்குப் பருத்தித்துறைக் கரையை அடைந்தபோது மீன் இன்னும் ஏற்றப்படவில்லை. உடனே ஏற்றிப் புறப்படுவான் என்று யாம் எண்ணியிருக்க, அவன் ஒரு கைவிளக்கையும், கயிற்றிற் கட்டிய பேனையுடன் கூடிய ஒரு பள்ளிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். "இருங்கோ சேர், இன்னும் அரை மணித்தியாலம். இவரைப் பார்க்காமல் நான் வெளிக்கிடமாட்டன்" என்றான். 'இவர்' என்று அவன் மரியாதையாகச் சுட்டியது, லொறியின் நெற்றியிற் பொருத்தப்பட்டிருந்த குளிரேற்றிப் பொறியை. சும்மா இருக்க மனமின்றி யாமும் அவன் பின்னே சென்றோம்.

அப்பொறிக்கெனத் தனியே ஒரு சிறு டீசல் என்ஜின் உண்டு. லொறி நின்றாலும் அது நில்லாது ஓடிக் குளிரைக் காக்கும். முதலில் அதன் எண்ணெய்க் கோலை உருவித் துடைத்து, மீண்டும் இட்டு உருவிப் பார்த்தான். தண்ணீர் மட்டத்தைப் பார்த்தான். டீசற் தாங்கியைத் திறந்து பார்த்தான். பற்றரியின் முனைகளிற் பச்சைப் பூப்புப் பூத்துள்ளதா என்று பார்த்து, அவற்றைக் கையால் அசைத்து இறுக்கத்தை அறிந்தான். பட்டிகளை விரலால் அழுத்தி, எவ்வளவு தாழ்கின்றன என்று கண்டு, ஓரங்களில் நூல் பிரிந்துள்ளதா எனக் கைவிளக்கின் ஒளியில் நோக்கினான். பொறியைத் தாங்கும் திருகாணிகள் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தான். ஏ-9 வீதியின் குலுக்கல் எந்த இறுக்கத்தையும் தளர்த்த வல்லது என்றான்.

பின்னர் ஒடுக்கியின் முகத்தில் விளக்கைப் பிடித்தான். தேன்கூடு போல் மெல்லிய தகடுகள் செறிந்த அவ்வுறுப்பே, பெட்டிக்குள்ளிருந்து அள்ளி வரும் வெப்பத்தை வெளிக்காற்றில் விடுவது. வீதியிற் பறக்கும் பூச்சிகளும் புழுதியும் அதன் கண்களை அடைத்துவிட்டால் வெப்பம் வெளியேற வழியின்றிப் பொறி திணறும். அன்று அதில் ஒட்டியிருந்த ஈசல் இறகுகளை அவன் மென்தூரிகையால் நீக்கினான். அடுத்து, குளிர்வாயு ஓடும் குழாய்களின் பொருத்துகள் யாவற்றையும் ஒரு வெண்துணியால் ஒற்றி, துணியில் எண்ணெய்க் கறை படிகின்றதா என்று பார்த்தான்.

"எண்ணெய் எதற்குத் தம்பி?" என வினவினோம்.

"வாயுவோடை சேர்ந்து கொஞ்ச எண்ணெயும் சுத்தி ஓடும், சேர். வாயு ஒழுகினால் கண்ணுக்குத் தெரியாது. எண்ணெய்தான் காட்டிக் குடுக்கும்."

அவன் மேலும் சொன்னது எம்மைச் சிந்திக்க வைத்தது. குளிர்வாயு என்பது டீசலைப் போலச் செலவாகும் பொருளன்று. மூடிய வழியிற் சுழன்று கொண்டே இருப்பது. அது குறைந்துவிட்டதென்றால் எங்கோ ஒழுக்கு உண்டு என்பதே பொருள். ஒழுக்கைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்புகின்றவன் ஒரு கிழமைக்கு மட்டுமே நிம்மதி வாங்குகிறான். அவன் பொறியில் இருந்தது ஆர்-404ஏ என்னும் வாயு. ஓசோன் படலத்தைக் கெடுத்த பழைய வாயுக்களை 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை ஒதுக்கிய பின்னர் பரவலாக வழக்குக்கு வந்த வாயுக்களில் இஃதொன்று. ஓசோனைக் கெடுக்காதெனினும், காற்றிற் கலந்தால் அதே எடையுள்ள கரியமில வாயுவிலும் ஏறத்தாழ 3,900 மடங்கு புவியை வெப்பமாக்க வல்லது. இத்தகைய வாயுக்களையும் படிப்படியாகக் குறைக்க 2016 ஆம் ஆண்டிற் கிகாலி நகரில் நாடுகள் உடன்பட்டன. ஆகவே அந்த வெண்துணியிற் படியும் ஒரு துளிக் கறை, லொறிக்காரனின் பணப்பையை மட்டும் பற்றியதன்று.

வெளிப்பார்வை முடிந்தபின் பெட்டிக்குள் ஏறினான். கதவின் ஓரத்து இறப்பர்ப் பட்டியைச் சுற்றிலும் தடவிக் கிழிவு உண்டா என்று பார்த்தான். எம்மை உள்ளே நிற்கச் செய்து கதவைச் சாத்தி, "எங்கையாவது வெளிச்சம் தெரியுதோ சேர்?" என்று வெளியிலிருந்து கேட்டான். கன்னங்கரிய இருளில் நின்று "இல்லை" என்றோம். கூரையோரமாகக் குளிர்காற்றைப் பின்கதவு வரை கொண்டு செல்லும் சீலைக் குழாய் கிழியாமல் இருப்பதைப் பார்த்தான். இறுதியாக, ஆவியாக்கியின் அடித்தட்டிலிருந்து நீர் வடியும் சிறு குழாயில் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி, அது கீழே தரையில் விழும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே நின்றான். தண்ணீர் விழுந்தது. அதன் பின்னரே கொப்பியில் எழுதினான்.

பொறியை முடுக்கி, ஓசையைச் செவிமடுத்து, வெறும் பெட்டியை அரை மணி நேரம் குளிரவிட்ட பின்னரே மீன் ஏறிற்று. ஏற்றும்போது பொறியை நிறுத்திவிட்டான். கதவு திறந்திருக்கப் பொறி ஓடினால், கடற்கரையின் ஈரக்காற்றை உள்ளிழுத்து ஆவியாக்கியில் உறைபனியாய்ப் படியவிடும் என்றான். பெட்டிகளைக் கூரை முட்ட அடுக்கவும் அவன் விடவில்லை. சுவரில் ஒரு செந்நிறக் கோடு இருந்தது. அதற்கு மேல் ஒரு பெட்டியும் ஏறக்கூடாது. காற்றுக்கு வழி வேண்டும்.

ஆனையிறவைக் கடக்கையில் நிலவு எழுந்திருந்தது. அவன் வண்டியை ஓட்டிக்கொண்டே குளிரின் இயல்பைச் சொன்னான். குளிர் என்பது உள்ளே கொண்டுபோய் வைக்கும் பொருளன்று. உள்ளிருக்கும் வெப்பத்தை ஓயாமல் வெளியேற்றுவதன் பெயரே அது. எம் கல்லூரிப் பௌதிக அறையில் 'ஆவியாதலின் மறைவெப்பம்' என்று மாணவர் மனனம் செய்வதையே அவன் கண்ணாற் கண்டு அறிந்திருந்தான். லொறிக் குளிரேற்றி, சூடாயிருக்கும் பொருளைக் குளிராக்க வந்ததன்று. குளிராக ஏற்றியதைக் குளிராகவே வைத்திருக்க வந்தது. ஆதலின் சூடேறிய மீனை ஏற்றிவிட்டு இரவிற் குளிர்ந்துவிடும் என்று நம்புவது பேதைமை. பனிக்கட்டியில் வைத்த மீனுக்குப் பெட்டியின் வெப்பநிலை சுழியத்தை ஒட்டிச் சற்று மேலே நிற்க வேண்டும். மிகவும் தாழ்ந்தால் பனிக்கட்டி உருகாது. உருகும் பனிக்கட்டியே மீனை ஈரமாகவும் குளிராகவும் காப்பது. உறைந்த மீனுக்கோ அஃது 18 பாகை சுழியத்துக்குக் கீழே நிற்க வேண்டும். சூரை, கும்பளா முதலிய மீன்கள் 4 பாகைக்கு மேல் நெடுநேரம் கிடந்தால் அவற்றில் இசுற்றமீன் என்னும் நச்சுப்பொருள் விளையும். பின்னர் உறைய வைத்தாலும் அது போகாது; கொதிக்கக் கொதிக்கச் சமைத்தாலும் போகாது.

"ஒருக்கா விட்டது விட்டதுதான் சேர். பிறகு எவ்வளவு குளிராக்கினாலும் திரும்பி வராது" என்றான்.

"இவ்வளவையும் எங்கே கற்றாய் தம்பி?" என்று கேட்டோம்.

சிறிது நேரம் அவன் பேசவில்லை. மாங்குளத்தைக் கடந்தபின் சொல்லத் தொடங்கினான்.

2015 ஆம் ஆண்டில் அவன் வேறொருவருடைய லொறியில் உதவியாளாக இருந்தான். அங்கு ஒவ்வொரு பயணத்துக்கும் அச்சிட்ட ஒரு தாள் கொடுப்பார்கள். இருபத்தைந்து வரிகள், ஒவ்வொரு வரியின் எதிரிலும் ஒரு கட்டம். பார்த்துச் சரி போட வேண்டும். தொடக்கத்தில் அவன் பார்த்துத்தான் போட்டான். நாற்பது நாள், ஐம்பது நாள் பார்த்தும் ஒரு குறையும் தென்படவில்லை. பின்னர் சாரதியின் அருகில் அமர்ந்தபடியே, தேநீர் ஆறுவதற்குள், இருபத்தைந்து கட்டங்களிலும் சரி போட்டு முடிக்கப் பழகிவிட்டான். தாள்கள் ஒழுங்காகச் சென்று ஒரு கோவையில் அடுங்கின. அவற்றைப் பார்த்தவர்களும் எண்ணிக்கையைப் பார்த்தார்களேயன்றி வேறொன்றும் பார்க்கவில்லை.

ஒருநாள், உடைந்த றெஜிபோம் பெட்டியின் துகள்கள் காற்றோடு இழுபட்டு ஆவியாக்கியின் அடித்தட்டில் விழுந்து, நீர் வடியும் குழாயை அடைத்துவிட்டன. வழியில் வவுனியாவில் மேலும் மீன் ஏற்றுவதற்காகக் கதவு நெடுநேரம் திறந்து கிடந்தது. உறைபனி உருகிய நீர் வடிய வழியின்றித் தேங்கி மீண்டும் உறைந்தது. தகடுகளுக்கிடையே காற்று ஓட இடமில்லாமற் போயிற்று. குளிர்ந்த சிறு காற்று முன்புறத்திலேயே சுழன்று முன்புற மானியையே தொட்டுக்கொண்டிருந்தது. மானி இரவு முழுவதும் 1 பாகை என்றே காட்டிற்று. பேலியகொடையிற் பின்கதவைத் திறந்து, வாசலோரத்து மீனின் வயிற்றில் வெப்பமானியைக் குத்தியபோது அது 11 பாகை என்றது. பனிக்கட்டி அத்தனையும் உருகி ஓடியிருந்தது. பின்பாதி மீனை எவரும் வாங்கவில்லை.

"ஆற்றை மீன் தம்பி அது?"

"எங்கடை ஊர்ச் சனத்தின்ரை மீன் சேர். வித்துப்போட்டுத்தான் காசு குடுக்கிறது. அப்பாவின்ரை நாலு பெட்டியும் அதுக்குள்ளை இருந்தது."

அவன் ஊர் திரும்பியபோது, எட்டுக் குடும்பங்களுக்கு அக்கிழமைச் சீவனம் இல்லை. விசாரணை நடந்தது. தாளை எடுத்துப் பார்த்தார்கள். 'நீர்க்குழாய்' என்ற வரியின் எதிரில் அழகான ஒரு சரி இருந்தது. தாள் சரியாக இருந்தமையால் அவனை எவரும் குற்றஞ்சாட்டவில்லை, பொறியைக் குற்றஞ்சாட்டினார்கள். அதுதான் தன்னைக் கொன்றது என்றான். தகப்பனாரும் ஒன்றும் கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும் என்றான்.

யாம் ஆசிரியர்க்குரிய குரலில், "பார்க்காமற் சரி போடலாமோ தம்பி? அதனை எங்கே பழகினாய்?" என்று கேட்டுவிட்டோம். கேட்டிருக்கக்கூடாது.

அவன் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலிற் கோபமும் இல்லை. "சேர் குறை நினைக்கக் கூடாது. நீங்கள் எங்கடை கொப்பியளுக்கு வாசிச்சோ சரி போட்டனீங்கள்?" என்றான்.

பின்னர் மெல்லச் சொன்னான். 2011 ஆம் ஆண்டில் 'நான் விரும்பும் தொழில்' என்று யாம் ஒரு கட்டுரை கொடுத்தோமாம். வாசிக்கிறோமா என்று அறிவதற்காகக் கட்டுரையின் நடுவே, அன்று விடியற்காலை துறையில் விற்ற பாரையின் விலை, சூடையின் விலை, கணவாயின் விலை என ஆறு வரிகள் எழுதி வைத்தானாம். அவ்வரிகளின் கீழே, நான்கு மணிக்கு எழுந்து வலை தட்டப் போனமையால் கட்டுரையை முடிக்க நேரமில்லை என்றும் எழுதினானாம். கொப்பி திரும்பி வந்தபோது பக்கத்தின் அடியிற் சிவப்பு மையிற் பெரிய சரியும், 'நன்று' என்ற சொல்லும், எம் சுருக்கொப்பமும் இருந்தனவாம். வகுப்பே பார்த்துச் சிரித்ததாம். அதற்குப் பின் தமிழ்க் கொப்பியில் அவன் உண்மையாக ஒன்றும் எழுதவில்லையாம்.

மதவாச்சி வரும்வரை யாம் வாய்திறக்கவில்லை. நாற்பத்திரண்டு மாணவர் கொண்ட வகுப்புக்கள் ஐந்து. வாரம் ஒரு கட்டுரை. இருநூற்றுக்கு மேற்பட்ட கொப்பிகள். இந்தக் கணக்கு எம் நாவின் நுனிவரை வந்தது. வகுப்பாசிரியர் யாவரும் அறிந்த கணக்கே அது, பொய்யுமன்று. ஆயினும் இருபத்தைந்து கட்டங்களையும் தேநீர் ஆறுவதற்குள் நிரப்பியவனிடம் அதனைச் சொல்ல எமக்கு முகம் இருக்கவில்லை.

விடியற்காலை பேலியகொடைச் சந்தையிற் கதவு திறந்தபோது யாமும் இறங்கி நின்றோம். முன்பெட்டி, நடுப்பெட்டி, பின்பெட்டி மூன்றிலும் அவன் வெப்பமானியைக் குத்தி, மூன்று எண்களையும் கொப்பியில் எழுதினான். ஒன்றும் 2 பாகையைத் தாண்டவில்லை. அந்தக் கொப்பியை வாங்கிப் பார்த்தோம். அதில் ஒரு சரி அடையாளமேனும் இல்லை. "எண்ணெய் மேற்கோட்டுக்கு ஒரு விரல் கீழே." "இடப்பக்கப் பட்டியில் ஒரு நூல் பிரிந்திருக்கு. வாற கிழமை மாத்த வேணும்." "தண்ணீர் விழுந்தது. மெதுவாக." இவ்வாறு பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருந்தது. இப்போது அவனிடம் உதவியாளாயிருக்கும் பையனுக்கு அவன் விதித்துள்ள சட்டம் ஒன்றே: 'சரி' என்று எழுதாதே, கண்டதை எழுது. காணாமற் சரி போடக் கை கூசாது. காணாமல் 'ஒரு விரல் கீழே' என்று எழுதக் கை கூசும்.

திருமண வீட்டில் எம் சட்டையில் மீன் நாற்றம் இருந்ததோ என்னவோ, எமக்கு அது தெரியவில்லை.

ஊர் மீண்டபின் அவன் வீட்டுக்குச் சென்று, அந்தப் பழைய கொப்பி உள்ளதா என்று கேட்டோம். தாயார் றங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்தார். மகன் 'நன்று' வாங்கிய கொப்பி என்று அதனைப் பத்திரமாக வைத்திருந்தார் அவ்வம்மையார். அவருக்கு எழுத்து வாசனை குறைவு. அவன் சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. பாரை, சூடை, கணவாய், நான்கு மணி, வலை. அன்றே யாம் அதனை வாசித்திருந்தால், அவன் ஏன் வகுப்பில் உறங்கினான் என்பது எமக்குத் தெரிந்திருக்கும். ஏசுவதற்குப் பதிலாகக் கணித ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்போம். மாலை வகுப்புக்கு ஒழுங்கு செய்திருப்போம். அதனால் அவன் கணிதத்திற் தேறியிருப்பான் என்று துணிந்து சொல்ல இயலாது. எங்கோ ஒழுக்கு உண்டு என்பதையேனும் அறிந்திருப்போம். கறை துணியிற் படிந்திருந்தது. துணியை யாம் பார்க்கவில்லை.

அதற்குப்பின் குளிரேற்றிகளைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் வாசித்தோம். 1882 ஆம் ஆண்டு பெப்பிரவரி மாதம் நியூசிலாந்தின் போட் சாமேர்சு துறையிலிருந்து 'டனீடின்' என்னும் பாய்க்கப்பல், ஏறத்தாழ 5,000 உறைந்த ஆட்டுடல்களைச் சுமந்து இலண்டன் நோக்கிப் புறப்பட்டது. வெப்ப வலயத்தைக் கடக்கையில் உள்ளே குளிர்காற்று ஒழுங்காகப் பரவவில்லை என்று கண்ட தலைவர் விற்சன், காற்றுக்குழாயினுள் தாமே ஊர்ந்து சென்று புதிய துளைகளை வெட்டினார். குளிரால் உடல் மரத்து அங்கேயே கிடந்த அவரை, பின்னே ஊர்ந்து வந்த துணைத்தலைவர் காலிற் கயிறு கட்டி வெளியே இழுத்தார். தொண்ணூற்றெட்டு நாட்களின் பின் கப்பல் இலண்டனை அடைந்தபோது ஓர் உடல் மட்டுமே கழிக்கப்பட்டது. அன்று குறிப்பேட்டில் 'குளிர் சரி' என்று எழுதிவிட்டு அவர் தம் அறையில் இருந்திருக்கலாம்.

லொறிக்குக் குளிரேற்றி அமைத்த பிரெடெரிக் மக்கின்லி யோன்சு என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் வரலாறு எம்மை மேலும் தொட்டது. 1893 ஆம் ஆண்டிற் பிறந்த அவர் இளம் வயதிலேயே பள்ளியை விட்டவர். பொறிகளைக் கழற்றிப் பூட்டியும் தாமே நூல்களை வாசித்தும் கற்றவர். 1938 ஆம் ஆண்டளவில் அவர் செய்த முதற்பொறி வண்டியின் அடியிற் பூட்டப்பட்டது. வீதியின் சேறும் அழுக்கும் அதனைக் கெடுத்தமையால், பின்னர் வண்டியின் நெற்றிக்கு ஏற்றினார். இன்றும் அஃது அங்கேயே இருக்கின்றது. 1949 ஆம் ஆண்டில் அவருக்கு இதற்கான ஆக்கவுரிமை கிடைத்தது. 1961 ஆம் ஆண்டில் அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1991 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தேசியத் தொழினுட்பப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. கடைசி வாங்கைப் பற்றி எழுதும்போது எம்போன்றோர் பேனையைச் சற்று நிறுத்த வேண்டும் என்பதற்கு இவ்வரலாறு போதும்.

தமிழாசிரியன் என்ற கடமையை முற்றும் மறவாமல் ஒன்று சொல்லுவோம். திருவள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். பொச்சாப்பு என்பது வெறும் மறதியன்று. எல்லாம் நன்றாயிருக்கின்றது என்ற மகிழ்ச்சியிலும் இறுமாப்பிலும் பிறக்கும் சோர்வு அது. இவ்வதிகாரத்தை யாம் இருபது ஆண்டு கற்பித்துள்ளோம். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் மாதிரி வகுப்பு நடத்திப் பாராட்டும் பெற்றோம். ஐம்பது நாள் குறை காணாதவனே ஐம்பத்தோராம் நாள் பாராமல் விடுகிறான் என்பதுதான் அதன் பொருள் என்பதை, மாங்குளத்துக்கும் மதவாச்சிக்கும் இடையே ஒரு மீன் லொறியில் அமர்ந்திருந்தபோதே விளங்கிக்கொண்டோம்.

இப்பொழுது யாம் கொப்பிகளிற் சரி போடுவதில்லை. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும், அதில் எம் கண்ணிற்பட்ட ஒன்றை ஒரு வரியில் எழுதுகிறோம். "உன் பாட்டியார் மாடு வளர்ப்பதை அறிந்தேன்." "மூன்றாம் பந்தியில் நீ சொன்ன காரணம் புதியது." இருநூறு கொப்பிகளுக்கும் வாரந்தோறும் இவ்வாறு எழுதல் இயலாது. ஆதலின் கட்டுரைகளின் தொகையைக் குறைத்து, இரு வாரத்துக்கு ஒன்றாக்கினோம். அதிபர் அவர்கள் முதலிற் புருவத்தை உயர்த்தினார்கள். காரணத்தைக் கேட்டபின் இசைந்தார்கள். பத்துக் கட்டுரைகளிற் சரி போடுவதிலும் ஐந்து கட்டுரைகளை வாசிப்பது மேல். இம்முறையால் இவ்வாண்டில் இரு மாணவரின் வீட்டு நிலைமையை உரிய காலத்தில் அறிந்தோம். இன்னும் எத்தனை பேருடையதை அறியாமல் விட்டோமோ, இறைவனுக்கே வெளிச்சம்.

வைத்தியராயும் பொறியியலாளராயும் கணக்காளராயும் உலகெங்கும் பணியாற்றும் பழைய மாணவர்களே, உங்கள் மேசைக்கும் நாள்தோறும் கட்டங்கள் நிறைந்த தாள்கள் வருகின்றன. அவற்றின் பின்னே எவருடைய மீனோ இருக்கின்றது. மாணவச் செல்வங்களே, உங்கள் ஆசிரியர் வாசிக்காமற் சரி போட்டால், அவர் மேசைக்கு வந்து மரியாதையாகக் கேளுங்கள். பன்னிரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டாம்.

அந்த இளைஞனிடம் இந்தக் கட்டுரையை அச்சேறுமுன் காட்டினோம். ஊரையும் பெயரையும் எழுதவேண்டாம் என்றான், பெயரை விட்டோம். கைவிளக்கை மேசைமேல் வைத்துவிட்டு முழுவதையும் வாசித்தான். சரி என்று சொல்வான் என்று காத்திருந்தோம். அவன் பேனையைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் எழுதினான்: "இரண்டாம் பக்கத்திலை பற்றரி பார்த்தது இருக்கு. பெட்டித் தரையைக் கழுவினது விடுபட்டுப் போச்சு."

கழுவினான். யாமும் கண்டோம். எழுத மறந்தோம்.